கொடியில் ஒரு நாளம் வலப்பக்கம் நின்றுவிட்டது

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு வயது 28. சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்து வீட்டில் இருக்கிறோம். முதல் பிள்ளை, இப்போது 23 வாரம். போன வாரம் ஈப்போ ஆஸ்பத்திரியில் எடுத்த ஸ்கேன் தாளை டீச்சராக இருக்கும் என் நாத்தனார் தமிழில் படித்துச் சொன்னார்: "நிலைத்த வலது தொப்புள் சிரை, கல்லீரலுக்குள் செல்கிறது. டக்டஸ் வெனோசஸ் தெரிகிறது. இதயம் முழுதாகப் பார்க்க முடியவில்லை, இரண்டு வாரத்தில் மறு ஸ்கேன்." டாக்டர் அவசரத்தில் "பயப்பட வேண்டாம், திரும்ப வாங்க" என்று மட்டும் சொன்னார். கைப்பேசியில் தேடினேன். புற்றுநோய், ரத்தக்குழாய் அடைப்பு, வயிற்றிலேயே இறந்த குழந்தை என்று என்னென்னவோ வருகிறது. தூக்கம் போய்விட்டது. எனக்கு ஒன்றரை மாதம் ஆனபோது வீட்டுக்குப் பின்னால் புல் மருந்து அடித்தார்கள். அதனால் வந்ததா? கொடியில் கோளாறு என்றால் தாய்மாமனுக்கு ஆகாது என்று மாமியார் சொன்னதிலிருந்து என் தம்பி வேறு முகம் வாடித் திரிகிறான். ஆபரேஷன்தான் செய்வார்களா?
வாசகி, சுங்கை சிப்புட்

பதில்:

வணக்கம் தங்கச்சி. உங்கள் நாத்தனாருக்கு முதலில் என் நன்றியைச் சொல்லுங்கள். ஸ்கேன் தாளை ஒரு வரி விடாமல் எழுதி அனுப்புகிறவர்கள் குறைவு. பெரும்பாலும் "ஏதோ நரம்பு பிரச்சனையாம் டாக்டர்" என்றுதான் கடிதம் வரும். அதை வைத்துக்கொண்டு நான் என்ன சொல்வது? நீங்கள் அனுப்பிய நான்கு வரியில் இரண்டு வரி நல்ல செய்தி. உங்களிடம் அதை யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அந்த நாளம் எது என்பதிலிருந்து தொடங்குகிறேன். சாமி கும்பிட உரித்த தேங்காயைக் கையில் எடுத்துப் பாருங்கள். மூன்று கண் இருக்கும். இரண்டு கெட்டியாக இருக்கும், ஒன்று மட்டும் விரலால் அழுத்தினாலே மெத்தென்று உள்ளே போகும். பிள்ளை பிறந்து கொடியை வெட்டியதும் அந்த நுனி கிட்டத்தட்ட அப்படித்தான் தெரியும். வெள்ளையாக, கஞ்சிப் பசை மாதிரி ஒரு சதை. அதற்குள் மூன்று வாய். இரண்டு சின்னது, சுவர் தடித்தது, வெட்டியவுடனே சுருங்கிப் புள்ளியாகிவிடும். அவை தமனிகள். மூன்றாவது அகலமானது, சுவர் மெல்லியது, வாய் திறந்தபடியே கிடக்கும். அதுதான் தொப்புள் சிரை.

சிரை என்றால் கெட்ட ரத்தம் போகும் குழாய் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். வயிற்றுப் பிள்ளைக்கு அந்தக் கணக்கு தலைகீழ். நஞ்சிலிருந்து, அதாவது கருப்பையில் ஒட்டியிருக்கும் பிளசென்டாவிலிருந்து, ஆக்சிஜனும் சத்தும் ஏற்றிக்கொண்டு வருவது இந்தச் சிரைதான். தமனி இரண்டும் கழிவைத் திருப்பி எடுத்துப் போகின்றன. உங்கள் பிள்ளைக்குச் சாப்பாடு கொண்டுபோகும் வழி இது ஒன்றுதான் என்பதால், அதன் பெயர் தாளில் வந்ததுமே உங்களுக்கு வயிற்றைக் கலக்கியதில் ஆச்சரியம் இல்லை.

கரு உருவாகி நான்காவது வாரத்தில் எல்லாருக்குமே இந்தச் சிரை இடது, வலது என இரண்டு இருக்கும். ஏழாவது வாரத்துக்குள் வலது மறைந்துவிடும், இடது தங்கும். உங்கள் பிள்ளைக்கு இந்த முறை மாறி, வலது தங்கி இடது மறைந்திருக்கிறது. நாளம் குறையவில்லை, கூடவும் இல்லை. ஒன்று போய் ஒன்று நிற்க வேண்டிய இடத்தில் மற்றது நிற்கிறது.

உங்கள் ஸ்கேன் படத்தின் அச்சு கையில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். வயிற்றைக் குறுக்கே வெட்டிய மாதிரி ஒரு வட்டம் இருக்கும். அதற்குள் கருப்புக் குமிழாகத் தெரிவது இரைப்பை. பக்கத்தில் பேரிக்காய் மாதிரி நீண்டு தெரிவது பித்தப்பை. ஹாக்கி மட்டை போல வளைந்து ஓடுவது தொப்புள் சிரை. வழக்கமாக இந்த மட்டை பித்தப்பைக்கும் இரைப்பைக்கும் நடுவில் வந்து, இரைப்பைக்கு முதுகு காட்டி வளையும். உங்கள் பிள்ளைக்குப் பித்தப்பை நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும், மட்டையின் வளைவு இரைப்பையைப் பார்த்துத் திரும்பியிருக்கும். ஸ்கேன் எடுத்தவர் கண்ணில் பட்டது இந்தத் திருப்பம்தான். பிள்ளை வயிற்றின் சுற்றளவை அளக்க எடுக்கிற அதே படத்தில் இதுவும் தெரியும். அளவை மட்டும் எடுத்துக்கொண்டு படத்தைத் தள்ளிவிட்டிருந்தால் இது யாருக்குமே தெரியாமல் போயிருக்கும். உங்களுக்கு ஸ்கேன் எடுத்தவர் கவனமான ஆள்.

இது எத்தனை பேருக்கு வருகிறது? எண்ணிப் பார்த்த ஆய்வுகளில், ஏறக்குறைய 250 கர்ப்பத்துக்கு ஒன்று என்பதிலிருந்து ஆயிரத்துச் சொச்சத்துக்கு ஒன்று என்பது வரை கணக்கு மாறுகிறது. மாதம் சில நூறு பிரசவம் பார்க்கும் ஆஸ்பத்திரியில் இது அபூர்வமே இல்லை.

சரி, தாளுக்கு வருவோம். "கல்லீரலுக்குள் செல்கிறது" என்பது முதல் நல்ல செய்தி. வலப்பக்கம் தங்கிய சிரையில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பக்கம் மாறினாலும் கல்லீரலுக்குள் நுழைந்து அங்கிருக்கும் போர்ட்டல் சிரையில் (குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்) சேர்கிறது. அதாவது வேறு வாசல் வழியாக அதே வீட்டுக்குள் போகிறது. இன்னொன்று கல்லீரலைத் தொடாமல் சுற்றிக்கொண்டு நேராகப் பெரிய சிரையிலோ இதயத்திலோ போய்க் கொட்டுகிறது. கவலைப்பட வேண்டியது இந்த இரண்டாம் வகைக்கு. கட்டுப்பாடில்லாமல் ரத்தம் வந்து இறங்கினால் சின்ன இதயம் திணறும், உடம்பில் நீர் கோக்கலாம். ஆனால் கண்டுபிடிக்கப்படுவதில் மிகப் பெரும்பாலானவை முதல் வகைதான். உங்களுடையதும் அதுதான்.

"டக்டஸ் வெனோசஸ் தெரிகிறது" என்பது இரண்டாவது. இது கல்லீரலுக்குள் இருக்கும் ஒரு குறுக்கு வழி. வாய் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். 16-ஆம் நூற்றாண்டில் பொலோஞாவில் இருந்த அரான்சியோ என்ற உடற்கூறு அறிஞர் பெயரால் இதை இன்றும் அழைப்பதுண்டு. சிரையில் வரும் ரத்தத்தில் 20 வாரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகவும், கடைசி மாதங்களில் ஐந்தில் ஒரு பங்கு போலவும் இந்தச் சந்து வழியே வேகமெடுத்துப் பாய்ந்து இதயத்தின் இடப்பக்கத்துக்குப் போகும். மூளைக்கும் இதயத் தசைக்கும் முதல் பந்தி அதனால்தான். தோட்டத்தில் வாய்க்கால் மடையைக் குறுக்கினால் தண்ணீர் எப்படிப் பீய்ச்சும் என்று பார்த்திருப்பீர்கள், அதே வேலை. 1991-இல் நார்வேயின் டோர்விட் கிசெருட் என்பவரும் அவருடைய குழுவினரும் இந்தப் பாய்ச்சலை, ரத்தம் ஓடும் வேகத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனால் அளந்து காட்டினார்கள். இன்று பிள்ளையின் இதயம் சிரமப்படுகிறதா என்று பார்க்க டாக்டர்கள் முதலில் தேடும் இடங்களில் இதுவும் ஒன்று. சிலருக்கு இந்தச் சந்து உருவாகவே உருவாகாது, அப்போதுதான் கதை சிக்கலாகும். உங்களுக்கு இருக்கிறது என்று எழுத்தில் இருக்கிறது.

அடுத்தது "இதயம் முழுதாகப் பார்க்க முடியவில்லை". இந்த வரியில்தான் நீங்கள் தூக்கத்தைத் தொலைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பார்க்க முடியவில்லை என்பது வேறு, பார்த்ததில் கோளாறு என்பது வேறு. பிள்ளை முதுகை மேலே காட்டிப் படுத்திருந்தால் முதுகெலும்பின் நிழல் இதயத்தின் மேல் விழும். கையை நெஞ்சில் வைத்திருந்தாலும் மறைக்கும். நான் அரசாங்க வேலையில் இருந்தபோது ஒரு நாளைக்கு நாலைந்து பேரையாவது "போய் ஒரு மைலோ குடிச்சிட்டு நடந்துட்டு வாங்க, அப்புறம் பார்ப்போம்" என்று அனுப்பியிருக்கிறேன். சில பிள்ளைகள் அதற்கும் அசையாது. உங்கள் பிள்ளை அந்தக் கட்சி போலிருக்கிறது.

ஆனாலும் அந்த மறு ஸ்கேனைத் தவறவிடாதீர்கள். மழை, லோரி இல்லை, வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை என்று எந்தக் காரணமும் வேண்டாம். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், கல்லீரலுக்குள் போகும் வகையில் சுமார் முக்கால்வாசிப் பிள்ளைகளுக்கு வேறு எந்தக் குறையும் இருப்பதில்லை. மிச்சக் கால்வாசியில் வேறு ஏதாவது ஒன்று கூட இருக்கிறது. இதயம், சிறுநீரகம், எலும்பு, அல்லது கொடியில் இரண்டு தமனிக்குப் பதில் ஒன்று என்று. அதில் முன்னால் நிற்பது இதயம். ஆகவே இந்தச் சிரை ஒரு நோய் இல்லை, "இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்" என்று சொல்லும் ஒரு கைகாட்டி. பார்த்து, மற்றதெல்லாம் சரியாக இருந்தால் இந்தப் பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளைப் போலவேதான் வளர்கிறார்கள். இது மட்டும் தனியாக இருந்தால் இதற்காகப் பனிக்குட நீர் எடுத்துக் குரோமோசோம் பரிசோதனை செய்வது வழக்கமில்லை. வேறு குறையும் சேர்ந்திருந்தால் டாக்டரே அந்தப் பேச்சை எடுப்பார். மறு ஸ்கேனில் இதயத்தின் நான்கு அறைகளும், அதிலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய குழாய்களும் தெரிந்தனவா என்று வாய் திறந்து கேளுங்கள். கேட்டால் கோபிப்பார்கள் என்று நினைக்காதீர்கள். கேள்வி சரியாக இருந்தால் எந்த டாக்டருக்கும் பதில் சொல்லப் பிடிக்கும்.

இனி உங்கள் கைப்பேசி. "தொப்புள் சிரை" என்று தேடினால் ஏன் புற்றுநோயும் மாரடைப்பும் வந்து நிற்கின்றன தெரியுமா? 1973-இல் நியூயார்க்கில் எரிக் ஜாஃபி என்பவரும் கூட இருந்தவர்களும், பிரசவத்துக்குப் பின் வீசியெறியும் கொடிச் சிரையின் உட்சுவரிலிருந்து செல்களைப் பிரித்தெடுத்து ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்துக் காட்டினார்கள். ரத்தக்குழாயின் உள்பூச்சு செல்லை அப்படி வளர்த்தது பெரிய காரியம். கொடி எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடைக்கும், யாருக்கும் வலிக்காது. அன்றிலிருந்து உலகம் முழுக்க ரத்தக்குழாய் அடைப்பு, சர்க்கரை, புற்றுநோய்க் கட்டிக்கு ரத்தம் போகும் வழி என்று எதை ஆராய்ந்தாலும் இந்தச் செல்லைத்தான் எடுக்கிறார்கள். அந்தக் கட்டுரை எல்லாவற்றின் தலைப்பிலும் "மனிதத் தொப்புள் சிரை" என்று இருக்கும். உங்கள் பிள்ளைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பாசாரில் "வாழை" என்று கேட்டால் இலையும் கிடைக்கும், பழமும் கிடைக்கும், நாரும் கிடைக்கும். அந்த மாதிரி.

"வயிற்றிலேயே இறந்த குழந்தை" என்று வந்தது இன்னொரு பக்கத்துச் சங்கதி. அது அநேகமாகத் தொப்புள் சிரை வீக்கம் பற்றியதாக இருக்கும். பிள்ளையின் வயிற்றுக்குள் அந்தச் சிரை ஒரு இடத்தில் பை மாதிரி உப்பி, பொதுவாக 9 மில்லிமீட்டருக்கு மேல் அகலமானால் அப்படிச் சொல்வார்கள். அதற்குள் ரத்தம் சுழன்று உறையக்கூடும் என்பதால் அடிக்கடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். பழைய அறிக்கைகள் அதைப் பற்றி ரொம்ப பயமுறுத்தின. வேறு குறையில்லாமல் அது மட்டும் இருந்தால் பெரும்பாலும் நல்லபடியாகவே முடிகிறது என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. எப்படியானாலும் உங்கள் தாளில் அந்தச் சொல்லே இல்லை. ஒன்றைத் தேடப் போய் மூன்றைக் கலந்துவிட்டீர்கள்.

வலது சிரையைப் பற்றியே பயமுறுத்தும் கட்டுரைகளும் இருக்கின்றன, அதையும் ஒத்துக்கொள்கிறேன். 1990-இல் ஒரு கதிரியல் இதழில் பிலிப் ஜான்டி இதைப் பற்றி எழுதியபோது, இது அபசகுனமான அறிகுறியா என்று தலைப்பிலேயே கேட்டார். கேட்டது நியாயம். அதுவரை இந்த வலது சிரை கண்ணில் பட்டதெல்லாம் பெரிய குறைகளோடு இருந்த கருக்களில்தான். குறை இருக்கிறது என்று சந்தேகப்பட்டவர்களை மட்டும் உற்றுப் பார்த்தால் குறைதானே தெரியும்? ஆஸ்பத்திரி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணினால் சுங்கை சிப்புட்டில் எல்லாருமே நோயாளிதான். அப்புறம் எல்லாக் கர்ப்பிணிக்கும் 20 வாரத்தையொட்டி ஸ்கேன் எடுக்கும் வழக்கம் பரவியது. நன்றாக இருக்கிற பிள்ளைகளிடமும் இதே சிரை வலப்பக்கம் தெரிய ஆரம்பித்தது. அந்தப் பிள்ளைகள் பிறந்தார்கள், தவழ்ந்தார்கள், சோறு வேண்டாம் என்று அடம்பிடித்தார்கள். படிப்படியாக ஆய்வுகளின் குரல் மாறியது. தேதி பார்க்காமல் படித்தால் 1990-இன் பயம் உங்கள் வீட்டுக்குள் இன்று நுழையும்.

மருந்து அடித்த விஷயம். நீங்கள் கணக்குப் போட்டுத்தான் கேட்டிருக்கிறீர்கள். ஒன்றரை மாதம் என்பது சரியாக அந்தச் சிரை மாறும் காலம்தான், அதனால்தான் மனசுக்குள் உறுத்துகிறது. வலது சிரை தங்கியதற்குப் புல் மருந்துதான் காரணம் என்று காட்டிய ஆய்வு எதுவும் நான் பார்த்ததில்லை. இடது சிரை தொடக்கத்திலேயே ஒரு சின்ன ரத்தக் கட்டியால் அடைபட்டுப் போக, வலது அந்த வேலையை எடுத்துக்கொண்டிருக்கலாம் என்பது மருத்துவர்கள் சொல்லும் விளக்கங்களில் ஒன்று. நீங்கள் சாப்பிட்டதோ தூக்கியதோ நடந்ததோ அதைத் தீர்மானிக்கவில்லை. சன்னலை ஏன் மூடவில்லை என்று இனி உங்களை நீங்களே கேட்க வேண்டாம்.

ஆனால் மருந்தைப் பற்றித் தனியாக ஒன்று சொல்லியாக வேண்டும். நம் அம்மாமார்கள் முதுகில் டாங்கியைச் சுமந்து, முகத்தில் ஒரு துண்டு மட்டும் கட்டிக்கொண்டு, வயிற்றில் பிள்ளையோடு மருந்து அடித்த காலம் நான் கண்ணால் பார்த்தது. நகம் கழன்று, மூக்கில் ரத்தம் வந்து கிளினிக்குக்கு வருவார்கள். அன்று அடித்ததில் முக்கியமானது பாராகுவாட். மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் அதற்குத் தடை. மற்ற மருந்துகள் இன்னும் இருக்கின்றன. உங்கள் வீட்டுக்காரர் தோட்டத்தில் வேலை செய்தால், அவருடைய வேலை உடுப்பை நீங்கள் கையால் துவைக்க வேண்டாம். அவரே தனி வாளியில் அலசிப் போடட்டும். இது அந்தச் சிரைக்காக அல்ல, உங்கள் இருவருக்காகவும்.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். "மாலை போட்டுப் பிறந்தால் மாமனுக்கு ஆகாது" என்பது கொடி கழுத்தைச் சுற்றிப் பிறக்கும் பிள்ளைக்குச் சொல்வது. உங்கள் தாளில் கழுத்தைச் சுற்றியதாக ஒரு சொல்லும் இல்லை, வயிற்றுக்குள் ஒரு நாளம் பக்கம் மாறியிருக்கிறது. இரண்டும் வேறு. மாமியார் சொல்லும் சாஸ்திரத்தின்படி பார்த்தாலும் இது அந்தக் கணக்கில் வராது என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். அவர்கள் முறைப்படியே பேசினால் சில சமயம் எடுபடும். இன்னொன்றையும் தம்பியிடம் சொல்லுங்கள். நான்கைந்து பிரசவத்தில் ஒன்றில் கொடி கழுத்தைச் சுற்றித்தான் வருகிறது. அந்தக் கணக்குப்படி நடந்தால் நம் பேராக் மாநிலத்தில் ஒரு தாய்மாமன் மிஞ்சியிருக்க மாட்டான், காதுகுத்துக்கு மடியும் கிடைக்காது, சீரும் வராது. பிள்ளை பிறந்த பிறகு எண்ணெய்க் கிண்ணத்தில் முகம் பார்க்கச் சொன்னால் பார்க்கட்டும், அதில் யாருக்கும் நஷ்டமில்லை. இப்போதைக்கு அந்தப் பையனை ஈப்போவுக்குக் கார் ஓட்டச் சொல்லுங்கள், கவலைப்பட நேரம் இருக்காது.

ஆபரேஷனா என்று கேட்டீர்கள். இந்தச் சிரைக்காக வயிற்றைக் கிழிக்க மாட்டார்கள். மற்றவர்களுக்கு எப்படியோ அப்படித்தான் உங்களுக்கும். பிள்ளையின் தலை கீழ்நோக்கித் திரும்பாமல் இருந்தாலோ, நஞ்சு கீழே இருந்தாலோ, உங்கள் ரத்த அழுத்தம் ஏறினாலோ அது வேறு காரணம். 28 வாரத்துக்குப் பிறகு, கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் கொடுக்கும் பிங்க் புத்தகத்தில் இருக்கும் அசைவுக் கட்டத்தை ஒழுங்காகக் குறியுங்கள். 12 மணி நேரத்துக்குள் பத்து அசைவு வர வேண்டும். வரவில்லை என்றால், அல்லது வழக்கத்தைவிடச் சட்டென்று குறைந்துவிட்டால், "விடிஞ்சதும் போவோம்" வேண்டாம், அன்றே போங்கள்.

பிரசவ அறையில் ஒரு விஷயம் உதவும். அந்தப் பிங்க் புத்தகத்தில் வலது தொப்புள் சிரை என்று டாக்டரையோ நர்ஸ் மிஸ்ஸியையோ தெளிவாக எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஏன் என்று சொல்கிறேன். பிறந்த பிள்ளைக்கு அவசரமாக மருந்து ஏற்ற வேண்டி வந்தால், கையில் நரம்பு தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. அப்போது நான் சொன்ன அந்தத் திறந்த வாயில்தான் மெல்லிய குழாயை விடுவார்கள். எனக்கு முதன்முதலில் அதைச் செய்யக் கற்றுக்கொடுத்த சீனியர், இரவு இரண்டு மணிக்கு, மஞ்சள் காமாலை உச்சத்தில் இருந்த ஒரு பிள்ளையின் கொடி நுனியைச் சுத்தமாக வெட்டி, "கடிகாரத்தில் 12 எங்கே இருக்கோ அங்கே பார்" என்றார். அங்கேதான் இருந்தது. குழாயை விட்டு, ஒவ்வொரு ஊசிக்குழாயாகக் கெட்ட ரத்தத்தை எடுத்து நல்ல ரத்தத்தை ஏற்றினோம். விடியும் வரை நடந்தது. எடுத்தது எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு என்று மிஸ்ஸி சத்தமாகச் சொல்லிச் சொல்லித் தாளில் குறித்துக்கொண்டே இருந்தார். தொப்புள் சிரை வழியாக அப்படி ரத்தம் மாற்றும் முறையை 1940-களில் பாஸ்டனில் லூயிஸ் டயமண்ட் கொண்டுவந்தார். உங்கள் பிள்ளைக்கு அப்படி ஒன்றும் தேவைப்படும் என்று சொல்லவில்லை. தேவைப்பட்டால், குழாய் விடுகிறவருக்கு உள்ளே பாதை வலப்பக்கம் திரும்புகிறது என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

பிறந்த பிறகு இந்தச் சிரை என்ன ஆகும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் நாத்தனார் கேட்பார். கொடியை வெட்டியதும் வேலை முடிந்தது. நாளாக ஆகச் சுருங்கித் தொப்புளிலிருந்து கல்லீரலுக்கு ஒரு கயிறாகிவிடும். என் வயிற்றிலும் இருக்கிறது, உங்கள் மாமியார் வயிற்றிலும் இருக்கிறது. ஆண்கள் வார்டில் வேலை பார்த்த காலத்தில், சம்சு சாராயம் குடித்தே கல்லீரலைக் கல்லாக்கிக்கொண்டு வந்தவர்களின் தொப்புளைச் சுற்றி நீலப் பாம்புகள் போல நாளங்கள் புடைத்திருக்கும். கல்லீரல் வழிவிடாததால் ரத்தம் இந்தப் பழைய கயிற்றை ஒட்டிய சின்னக் குழாய்களைத் தேடிப் பிடித்துத் திறந்துகொண்டு வெளியேறும் அடையாளம் அது. முப்பது நாற்பது வருஷம் மூடிக்கிடந்த பாதை அது.

கடைசியாக, பிறந்த அன்றே அந்தக் கொடியிலிருந்து மிஸ்ஸி கொஞ்சம் ரத்தம் எடுப்பார். ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடும் தைராய்டு குறைவும் இருக்கிறதா என்று பார்க்க, நம் நாட்டில் எல்லாப் பிள்ளைக்கும் செய்வது. அதற்கும் வலது சிரைக்கும் சம்பந்தமில்லை. ஆனால் மாமியார் அலமாரியில் அந்துருண்டை போட்டுப் பத்திரமாக வைத்திருக்கும் தொட்டில் சேலையை இப்போதே எடுத்து, இரண்டு மூன்று முறை துவைத்து நல்ல வெயிலில் காயப் போடுங்கள். ஜி6பிடி குறைவான பிள்ளைக்கு அந்த வாசனையே ரத்தத்தை உடைத்துக் காமாலையை ஏற்றிவிடும். மறு ஸ்கேன் முடிந்ததும் அந்தத் தாளையும் நாத்தனாரைப் படிக்கச் சொல்லி எனக்கு எழுதுங்கள்.